பண்ணைப் பெயரும் சபைப் பதிவேடும்: அமெரிக்கா சென்ற நார்வேக்காரரின் வேர் தேடும் முறை

1825 ஜூலைத் தொடக்கத்தில் நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டௌராசியோன்' என்ற சிறு பாய்க்கப்பல் நியூயார்க் நோக்கிக் கிளம்பியது. நார்வேக்காரர் கூட்டமாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த வரலாறு இதிலிருந்துதான் தொடங்குகிறது. 39 டன் கப்பலில் 52 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்ததால் அக்டோபர் 9-ஆம் தேதி போய்ச் சேர்ந்தபோது 53 பேர். ஐந்து டன்னுக்கு இரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது 1819-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். சுங்கத்துறை கப்பலைப் பிடித்துவைத்து 3,150 டாலர் அபராதம் விதித்தது. நவம்பரில் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை மன்னித்துத் தள்ளுபடி செய்தார்.

சட்டத்தை மீறியதால்தான் இந்தக் கப்பலைப் பற்றி இத்தனை அரசாங்கக் காகிதம் மிஞ்சியது. ஆனால் கப்பலில் வந்தவர்களின் பெயர்களையும் குடும்பக் கதைகளையும் திரட்ட, எழுத்தாளர் ரஸ்மஸ் ஆண்டர்சன் அப்போது உயிரோடிருந்த பயணிகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கேட்டறிய வேண்டியிருந்தது; அவருடைய நூல் வெளிவந்தது 1895-இல். குடியேறிய முன்னோரைத் தேடுபவர் எப்போதும் சந்திக்கும் நிலைமை இதுதான். ஆவணம் எழுதியவருக்கு நம்முடைய கேள்வி தெரியாது. சுங்க அதிகாரிக்குத் தலைக்கணக்கு, குருவானவருக்கு ஞானஸ்நானம், காவல்துறைக்குப் பயணச்சீட்டு. அந்தந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் அவரவர் எழுதி வைத்தார்.

1825-க்கும் 1930-க்கும் இடையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேக்காரர்கள் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். 1801-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒன்பது லட்சத்தை எட்டவில்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் விளங்கும். இவர்களில் ஒருவரைப் பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. அவர் இருந்த பண்ணையை வைத்துத் தேடினால்தான் வழி திறக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏன் அப்படி என்பதை அந்நாட்டு ஆவணங்கள் உருவான வரலாற்றிலிருந்தே காட்டலாம்.

நிலைக்காத பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நார்வேயின் நாட்டுப்புறத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் அவன் ஓலே ஹான்சன். அவனுடைய மகன் ஹான்ஸ் ஓல்சன். மகள் என்றால் ஓல்ஸ்டாட்டர். திருமணம் ஆன பின்பும் அவள் தகப்பன் பெயரோடுதான் இருப்பாள். தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் நார்வேயில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. அது வசிக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அதுவும் மாறும். மனைவியின் பண்ணைக்குக் குடிபோன ஆண் அந்தப் பண்ணையின் பெயரை ஏற்பான். ஒரே மனிதர் திருமணப் பதிவில் ஒரு பண்ணைப் பெயரோடும், முதல் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் வேறொன்றோடும், சாவுப் பதிவில் மூன்றாவதோடும் நிற்பதைப் பார்க்கலாம். குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது 1923-இல்தான். அதற்குள் குடிபெயர்வின் பெரிய அலைகள் ஓய்ந்துவிட்டன.

முதற்பெயரிலும் தேர்வு குறைவு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பது பரவலான வழக்கம். ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயர் விழும். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால் பிறக்கும் முதல் பெண்ணுக்கு இறந்தவளின் பெயர். இந்த ஒழுங்கு ஆய்வாளருக்கு உதவியும்தான், தொல்லையும்தான். ஊகித்த பெற்றோர் சரியா என்று பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசையை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் ஒரே சபையில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயரில் பலர் கிடைப்பதும் இதனால்தான்.

அமெரிக்காவில் அஞ்சல் அலுவலகமும் நிலப்பதிவும் படைப்பிரிவும் நிலையான பெயரைக் கேட்டன. சிலர் தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரை. டெலமார்க் பகுதியின் டின் என்ற ஊரில் 1827-இல் பிறந்த யோன் டோர்ஸ்டைன்சன் ரூ, 1837-இல் சிறுவனாகக் கடல் கடந்து, பிற்காலத்தில் ஜான் தாம்சன் ஆனார். 1856 முதல் இருபது குளிர்காலம் சியரா நெவாடா மலைப்பனியில் சறுக்குக் கட்டைகளில் தபால் சுமந்தவர் இவர். 'எல்லிஸ் தீவு அதிகாரிதான் தாத்தாவின் பெயரை மாற்றினார்' என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892-இல். நார்வேக்காரரில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அங்கிருந்த அதிகாரிகளும் கப்பல் நிறுவனம் முன்பே எழுதிக் கொண்டுவந்த பட்டியலைச் சரிபார்த்தவர்களே. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அநேகமாக வந்தவர்களேதான்.

குருவானவரின் மேசை

நார்வேயில் எஞ்சியுள்ள மிகப் பழைய சபைப் பதிவேடு 1623-இல் தொடங்குகிறது. எல்லாக் குருமாரும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1680-களில் ஐந்தாம் கிறிஸ்டியான் மன்னரின் ஆணைகளால் வந்தது. தரங்கம்பாடிக் கோட்டையை வைத்திருந்த அதே டென்மார்க்–நார்வே அரசுதான் இது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் போக்கில் எழுதினார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் தேதிவாரியாக ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். 1736-இல் திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு, கட்டாயமானது. 1810-இல் அம்மை குத்திக்கொள்ளாதவருக்குத் திடப்படுத்தலும் திருமணமும் கிடையாது என்றானது. இரண்டும் மக்களுக்குப் பாரம், நமக்கு லாபம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், வசிக்கும் பண்ணை, வேத அறிவுக்குக் குருவானவர் தந்த மதிப்பு, அம்மை குத்திய விவரம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கின்றன.

உண்மையான திருப்பம் 1812-இல் வந்தது. கட்டம் போட்ட அச்சுப் படிவங்கள் நடைமுறைக்கு வந்தன. அதோடு கோயிற்பிள்ளை இரண்டாவது பதிவேடு ஒன்றை வைக்க வேண்டும், இரண்டு ஏடுகளும் ஒரே கூரையின் கீழ் இரவு தங்கக் கூடாது என்றும் விதித்தார்கள். மரவீடுகள் எரியும் நாட்டில் இது வெறும் சடங்கு விதி அல்ல. குருவானவரின் ஏடு சாம்பலான இடத்தில் கோயிற்பிள்ளையின் ஏடு காப்பாற்றிய குடும்ப வரலாறுகள் உண்டு. இரண்டும் பிழைத்த இடத்தில் இரண்டையும் பார்ப்பதே முறை, ஏனென்றால் அவை எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இந்தப் படிவங்களில் சபைக்குள் வந்தவர், சபையை விட்டுப் போனவர் என்று தனிப் பட்டியல்கள் உண்டு. 1867-க்கு முன் அமெரிக்கா சென்றவருக்கு நார்வேத் தரப்பில் கிடைக்கும் முதன்மைச் சான்று இந்தப் 'போனவர்' பட்டியலே. பெயர், வயது, பண்ணை, போகும் இடம் என்ற கட்டத்தில் 'அமெரிக்கா'. குருவானவரிடம் சான்றிதழ் வாங்காமல் கிளம்பியவர்கள் இதில் அகப்படமாட்டார்கள்.

குடிமதிப்புக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாடு முழுவதையும் பெயர்வாரியாக எழுதிய முதல் கணக்கு 1801-இல், அடுத்தது 1865-இல்தான். இடையில் எடுத்தவை பெரும்பாலும் எண்கள். அதனால் 1830-களில் பிறந்து 1850-களில் போனவர் எந்தக் கணக்கிலும் இருக்கமாட்டார். அவருக்குப் பதில் 1865 கணக்கில் ஊரில் தங்கிவிட்ட தம்பியையோ தாயையோ தேட வேண்டும். நூறாண்டு கழித்தே கணக்கை வெளியிடுவது அங்கே விதி. 1920-ஆம் ஆண்டுக் கணக்கு 2020 டிசம்பரில் திறந்தது. 1998-இல் தொடங்கிய நார்வே தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையக் காப்பகத்தில் பதிவேடுகளின் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

கடல் வழியும் ஓர் இடைவெளியும்

அமெரிக்கப் பயணத்தை விற்ற முகவர்களின் ஏமாற்று பெருகியதால் 1860-களின் இறுதியில் அரசு தலையிட்டது. பயண ஒப்பந்தங்களைக் காவல்துறை சரிபார்த்து ஏட்டில் பதிந்தது. கிறிஸ்தியானியாவிலும் (இன்றைய ஓஸ்லோ) ட்ரோன்ஹெய்மிலும் இந்த ஏடுகள் 1867-இலிருந்தும், பெர்கனில் 1874-இலிருந்தும் கிடைக்கின்றன. 28,000 பேருக்கு மேல் வெளியேறிய 1882-ஆம் ஆண்டைப் போன்ற உச்சங்களை ஆளாளாகப் பிரித்துப் பார்க்க இவை உதவும். அப்போது பலரும் வட கடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹல்லுக்குப் போய், ரயிலில் லிவர்பூல் சேர்ந்து, பெரிய நீராவிக் கப்பலில் ஏறினார்கள். ஆகவே ஒரே பயணத்துக்கு இரண்டு கப்பல் பெயர்கள் வருவது குழப்பம் அல்ல, இயல்பு.

சிக்கலான காலம் 1850-கள். பிரிட்டன் தன் கப்பல் போக்குவரத்துத் தடைச் சட்டங்களை 1849-இல் நீக்கியதும், நார்வேக் கப்பல்கள் கனடாவின் கியூபெக்குக்கு ஆட்களை ஏற்றிப்போய், திரும்பும்போது மரம் ஏற்றி வந்து லாபம் பார்த்தன. சில ஆண்டுகளில் நார்வேக்காரரில் பெரும்பாலோர் கியூபெக்கில்தான் இறங்கினார்கள். ஆனால் அந்தத் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1865-இலிருந்துதான் எஞ்சியுள்ளன. கனடாவிலிருந்து எல்லையைத் தாண்டி விஸ்கான்சினுக்கோ மினசோட்டாவுக்கோ போனதை அப்போது யாரும் பதியவில்லை. எல்லைப் பதிவு 1895-இல்தான் தொடங்கியது. 1857-இல் வந்த முன்னோரை நியூயார்க் பட்டியலில் சலித்துக் களைத்தவர்கள் பலர். அவர் நியூயார்க்கைக் கண்ணால் பார்த்திராமலே இருந்திருக்கலாம்.

ஒரு செனட்டரின் மூன்று பெயர்கள்

இந்த முறையைச் சோதித்துப் பார்க்க நூட் நெல்சனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. 1893 முதல் மினசோட்டா ஆளுநர், 1895 முதல் 1923-இல் இறக்கும்வரை செனட்டர். மேற்கு நார்வேயின் வோஸ் பகுதியில் எவாங்கர் என்ற ஊரில், திருமணமாகாத இங்கெபியோர் ஹால்டோர்ஸ்டாட்டர் குவிலெக்வால் என்ற பெண்ணுக்குப் பிறந்தவர். தந்தை என்று குறிக்கப்படுபவர் ஹெல்கே க்னூட்சன் ஸ்டீவே. அதன்படி பிள்ளை க்னூட் ஹெல்கெசன் ஆக வேண்டும். ஊர்ப் பெயரால் க்னூட் எவாங்கர் என்றும் அறியப்பட்டார். தாய் அமெரிக்காவில் நில்ஸ் ஓல்சன் குரோட்லாண்ட் என்பவரை மணந்தபின், நில்ஸின் மகன் என்ற பொருளில் நெல்சன். மூன்று பெயர்கள், மூன்று வேறு அடிப்படைகள். உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் நான்காம் படைப்பிரிவில் சேர்ந்து, 1863-இல் போர்ட் ஹட்சனில் காயப்பட்டுச் சிறைப்பட்டவரைப் படைச்சுவடி நெல்சன் என்றே அறியும். அந்தப் பெயரை மட்டும் வைத்து வோஸ் பதிவேட்டைத் திறப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

தாயும் மகனும் 1849 ஜூலை 4-ஆம் தேதி நியூயார்க் வந்து காசில் கார்டனில் இறங்கினார்கள் என்று சில வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லும். காசில் கார்டன் குடியேறுவோர் நிலையமாகத் திறந்தது 1855 ஆகஸ்டில். 1849-இல் அது ஒரு கேளிக்கை அரங்கம். அடுத்த ஆண்டில் சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் பாடிய இடம். பிற்காலத்தவர் எல்லோரும் வந்த வாசலை முன்னே வந்தவருக்கும் மாட்டிவிடுவது குடும்ப நினைவின் வழக்கம். அதற்காக வருகைத் தேதியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கப்பல் பட்டியலில் தனியே சோதிக்க வேண்டும். தாய் தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டதாகவும் சொல்வார்கள். தனியே பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணின் நிலையில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அமெரிக்க ஆவணத்தில் 'விதவை' என்று கண்டதும் நார்வேயில் அவளுக்கு ஒரு கணவனைத் தேடுவது ஆய்வாளர் தானே வெட்டிக்கொள்ளும் குழி.

தந்தை யார் என்பதைப் பதிவேடு முடிவு செய்யாது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தந்தை என்று குருவானவர் எழுதுவது அவரிடம் சொல்லப்பட்ட பெயர். பிறந்த ஆண்டும் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. நெல்சன் கைக்கொண்டது 1843 பிப்ரவரி 2. எல்லாவற்றிலும் அசையாமல் நிற்பது எவாங்கர் என்ற இடம்தான். இடம் கிடைத்ததும் அண்டை அயலாரும் உறவினரும் கூடவே வருகிறார்கள். வோஸ்காரர்கள் 1848-இலேயே சிகாகோவில் கடிதச் சங்கம் அமைத்து ஊருக்கு எழுதினார்கள். அவர்களுடைய குடிபெயர்வு பற்றி க்னூட் ரேனே 1930-இல் தனி நூலே வெளியிட்டார். ஊரார் ஊராரோடு போய் ஊராருக்குப் பக்கத்தில் நிலம் பிடித்தார்கள். ஒருவரின் தடம் மறையும்போது அவரோடு ஒரே கப்பலில் வந்தவரின் தடத்தைப் பிடிப்பதே வழி.

அமெரிக்கப் பக்கத்தில் ஊரைக் கண்டுபிடித்தல்

இடம் முக்கியம் என்றால், அதை அமெரிக்காவில் எங்கே தேடுவது? குடியுரிமைத் தாள்கள் 1906 சீர்திருத்தத்துக்கு முன் பெரும்பாலும் 'நார்வே' என்று மட்டும் சொல்லி, சுவீடன்–நார்வே மன்னருக்கு விசுவாசம் துறப்பதோடு நின்றுவிடும். குடிமதிப்புக் கணக்கிலும் நாடு மட்டுமே; 1900 கணக்கு வந்த ஆண்டைச் சேர்த்துத் தரும், 1890 கணக்கின் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போயிற்று. பண்ணையையோ சபையையோ சொல்வது பெரும்பாலும் லுத்தரன் சபைப் பதிவேடுகள்தாம். நார்வேயில் பயின்று வந்த குருமார் ஊர் வழக்கப்படியே ஏடு வைத்தார்கள். வந்தவர் எந்தச் சபையிலிருந்து வந்தார் என்பது அவர்களுக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி. கல்லறைக் கல், நார்வே மொழிச் செய்தித்தாளின் மரண அறிவிப்பு ஆகியவற்றிலும் ஊர்ப் பெயர் இருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகர் கெர்ஹார்ட் நேசெத், 1825 முதல் 1850 வரை வந்தவர்களை நார்வேச் சபை ஏடுகளோடு ஒப்பிட்டுத் தொகுத்த வாழ்க்கைக் குறிப்பு வரிசை முதல் தலைமுறைக்குச் சிறந்த திறவுகோல்.

பண்ணை தெரிந்த பின் பலரும் ஓடுவது நார்வேயின் ஊர் வரலாற்று நூல்களுக்கு. பண்ணை பண்ணையாக, தலைமுறை தலைமுறையாக, யார் இருந்தார், யார் அமெரிக்கா போனார் என்று அவை தொகுத்துத் தரும். அருமையான உழைப்பு, ஆயினும் அது இரண்டாம் நிலைச் சான்று. சொந்த நிலக்காரரின் கதை அவற்றில் விரிவாகவும், குத்தகைக் குடிசைவாசியின் கதை இரண்டொரு வரியாகவும் இருக்கும். அமெரிக்கா போனவர்களிலோ நிலமற்றவர்கள் நிறையப் பேர்.

ஆய்வாளர்கள் அடிக்கடி தவறவிடுவது வாரிசுப் பாகப்பிரிவினை ஏடுகளை. ஊரில் தாயோ தகப்பனோ இறந்ததும் சொத்தும் கடனும் மதிப்பிடப்பட்டு வாரிசுகள் வரிசையாக எழுதப்படுவார்கள். போனவர்களும் 'அமெரிக்காவில்' என்ற குறிப்போடு அதில் வருவார்கள். பங்கு அனுப்ப வேண்டுமானால் அவர்களுடைய இருப்பிடம் தெரிய வேண்டும். அதனால் சில வேளை மாநிலமும், அங்கே அவர்கள் வைத்துக்கொண்ட பெயரும், பிறந்தபோது வைத்த பெயரின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.