ஒரு பெயர் திரும்பி வந்த கதை



இன்று ஒரு பெயரைப் பற்றிச் சொல்கிறேன். 'மிந்தௌகஸ்'. லிதுவேனியா நாட்டில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் இது.

வகுப்பில் செய்வதுபோல் பிரித்துப் பார்ப்போம். 'மின்' என்றால் நினைத்தல். 'தௌக்' என்றால் மிகுதி. 'அஸ்' என்பது ஆண்பால் விகுதி, நம் முருகனில் உள்ள 'அன்' போல. 'மிகுந்த அறிவுடையவன்' என்றும் 'பலராலும் நினைக்கப்படுபவன்' என்றும் இதற்கு இரண்டு பொருள் சொல்கிறார்கள். எண்ணத்துக்கு அவர்கள் மொழியில் 'மிந்திஸ்' என்று பெயர். அதுவும் வடமொழி 'மதி'யும் ஒரே வேரில் பிறந்தவை. எட்டாம் வேற்றுமையும் அங்கே உண்டு! நாம் 'முருகா' என்பதுபோல, அவர்கள் 'மிந்தௌகை' என்று கூப்பிடுவார்கள்.

இந்தப் பெயருடைய மன்னர்தான் 13ஆம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த லிதுவேனியப் பகுதிகளை ஒன்றாக்கினார். 1253இல் முடிசூடினார். 1263இல் அவரையும் இரண்டு மகன்களையும் சதிசெய்து கொன்றுவிட்டார்கள்.

அவர் காலத்தில் லிதுவேனிய மொழியில் எழுதும் வழக்கமே இல்லை. முதல் அச்சுநூல் வந்ததே 1547இல்தான். அயல்மொழி எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி 'மிந்தோவே', 'மிந்தோவ்க்', 'மெந்தோக்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். 1387இல் நாடு கிறிஸ்தவத்தைத் தழுவியபின் புனிதர்களின் பெயர்களே பரவின. 'பலராலும் நினைக்கப்படுபவன்' என்ற பெயருடையவரின் சரியான பெயரே மறந்துபோயிற்று!

அதை மீட்டதில் காஜிமியெரஸ் பூகா என்ற மொழியறிஞருக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரின் முடிவு 'அஸ்'தான் என்று 1909இல் அவர் ஆய்வு எழுதினார். அதையே பலரும் ஏற்றுக்கொண்டார்கள். முடிசூட்டின் 750ஆம் ஆண்டான 2003இல், தலைநகர் வில்னியஸில் மன்னருக்குச் சிலை வைத்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 6 அந்த முடிசூட்டை நினைக்கும் விடுமுறை நாள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சேர்க்கை நாள் நினைவுக்கு வந்தது. ஒரு தகப்பனார் சொன்ன பெயரைத் திருப்பிக் கேட்காமல், ழகரத்தை ளகரமாக்கிப் பதிவேட்டில் எழுதினேன். அந்தப் பிழை பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போனது. திருத்துவதற்கு அவன் அலைந்ததை எண்ணினால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறீர்கள். யார் பெயரை எழுதினாலும், எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டிக் கேளுங்கள், கண்ணுகளா.