சமவெளிக்கு இறங்கும் அலையும் ஆர்ம்ஸ்ட்ராங்கும்

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை வட்டாரத்துக் கடைகளிலும் தோட்டங்களிலும் நெடுங்காலமாகப் பழகிய குரல் கோடைப் பண்பலை. பண்பலை நேர்கோட்டில் செல்வது. ஆகவே கோடைமலையின் உயரமே அதற்குத் துணை. 100.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் அதிர்வுகள். இத்தகைய எண்களை நம் வானொலிக்குத் தந்த வரலாற்றில் ஒரு மனிதரின் வெற்றியும் வீழ்ச்சியும் உண்டு. அதை அறிய ஒரு நுட்பத்தை நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பூராவின் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் எழும். இவை சீரிசைகள். வெற்றிடக் குழாயின் மின்னோட்டத்தைச் சிறுசிறு துடிப்புகளாக்கினால் அதிலும் சீரிசைகள் பிறக்கும். ஒலிபெருக்கி செய்பவருக்கு அது குறை. அதிர்வெண் பெருக்கி செய்பவருக்கு அதுவே முதல். வேண்டிய சீரிசையை மட்டும் பிரித்தெடுத்து அடுத்த கட்டத்துக்கு அவர் ஊட்டுகிறார்.

1935 நவம்பரில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர்கள் முன் பண்பலையைச் செய்துகாட்டினார். படிகம் தரும் நிலையான அலையில் மிகச் சிறிய விலகலையே அவர் முறையால் உண்டாக்க இயலும். பெருக்கமே அதை வளர்த்தது. பாடநூல்களில் வரும் ஒரு கணக்கைப் பார்ப்போம்: 200 கிலோஹெர்ட்ஸ் அலையில் 25 ஹெர்ட்ஸ் விலகல். முதலில் 64 மடங்கு. இடையில் கலப்பியால் அலையை மட்டும் கீழிறக்கி, மீண்டும் 48 மடங்கு. முடிவில் 91.2 மெகாஹெர்ட்ஸ் அலையில் 76.8 கிலோஹெர்ட்ஸ் விலகல்.

இப்பெருக்கம் எவ்வளவு திறனை விழுங்கும் என்ற கேள்விக்குப் பின்னரே தெளிவு பிறந்தது. நேரிலா மின்தடையால் மூன்றாம் சீரிசையை எடுத்தால் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கிட்டாது என்று 1956இல் பேஜ் நிறுவினார். இழப்பற்ற நேரிலா மின்தேக்கியில் கொள்கையளவில் முழுத்திறனும் மாறலாம் என்பது அதே ஆண்டு வெளியான மேன்லி, ரோ இருவரின் சமன்பாடுகளால் விளங்கியது. வராக்டர் டையோடுப் பெருக்கிகள் இவ்வழியில் வளர்ந்தன. ஆயினும் நுழையும் அலைக்கும் வெளியேறும் சீரிசைக்கும் மின்னெதிர்ப்பு தனித்தனியே பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் திறன் வந்த வழியே திரும்பும். சிலவகை மும்மடங்குப் பெருக்கிகளில், யாரும் கேளாத இரண்டாம் சீரிசைக்கும் உள்ளேயே சுற்றிவர வழிவிட வேண்டும். அதை அடைத்தால் மூன்றாவது பிறக்காது.

ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அப்படி வழிவிட்டவர் குறைவு. 1945இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் பண்பலையை 42–50 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து 88க்கு மேல் நகர்த்தியது. அதுவரை விற்ற பண்பலைப் பெட்டிகள் பயனற்றுப்போயின. காப்புரிமை வழக்குகளில் செல்வமும் மனமும் கரைந்து, 1954 ஜனவரி 31 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் வழக்குகளை விடாது நடத்தினார். இறுதி வெற்றி 1967இல் வந்தது.

இந்தியாவில் பண்பலை 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. இன்றைய பரப்பிகளில் அந்நீண்ட பெருக்கிச் சங்கிலி இல்லை. மில்லிமீட்டர் அலைக் கருவிகளில் பெருக்கிகள் இன்றும் பணிசெய்கின்றன. கோடையின் 100.5, ஆர்ம்ஸ்ட்ராங்கின் நிலையங்களைக் குலைத்த அதே புதிய பகுதிக்குள் இருக்கிறது. அவர் கட்டியது அங்கேயே நிலைத்தது. அதைக் கேட்கத்தான் அவர் இருக்கவில்லை.