படுவான்கரையின் பழைய மோட்டார்ச் சைக்கிள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி அப்பிரதேசத்தை இரு கரைகளாக வகுத்துள்ளது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை எனவும், அது சாயும் வயற்பக்கம் படுவான்கரை எனவும் வழங்கப்படும். வைத்தியசாலையும் கச்சேரியும் புகையிரத நிலையமும் நகரப் பக்கத்தில் இருக்க, நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்து அங்கு சென்றன. வலையிறவுப் பாலத்தைக் கடந்தவுடன் எதிர்ப்படும் வவுணதீவு இவ்விரு கரைகளுக்கும் இடையிலான வாயிலாக விளங்குகின்றது. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை வாவியைக் கடக்க மக்கள் படகுப்பாதையையே நம்பியிருந்தனர். இத்தகைய நிலப்பரப்பில் இரு சக்கர வாகனம் ஒன்று ஆடம்பரப் பொருளாக இருந்திருக்க முடியாது. வரம்பிலும் செல்லும், படகிலும் ஏறும், மாரியில் சேறான கிறவல் வீதியில் தள்ளியும் செல்லலாம் என்பதனாலேயே மோட்டார்ச் சைக்கிள் இங்கு நிலைபெற்றது.

பழைய மோட்டார்ச் சைக்கிளைத் திருத்தி ஓட்டுவதை இன்று பொழுதுபோக்கு என்கிறோம். மேனாடுகளில் அது அவ்வாறே இருக்கலாம். ஆனால் எமது பிரதேசத்தில் அது பொழுதுபோக்காகத் தோன்றியதன்று. பற்றாக்குறை கற்பித்த கைத்தொழிலாகவே தோன்றியது. இதனை ஏற்றுக்கொள்வோமாயின் மற்றொரு வினாவுக்கும் விடை கூறவேண்டியவராகின்றோம். பழைய வண்டியொன்றை ‘அதன் பழைய நிலைக்கு’க் கொண்டுவருதல் என்றால், எந்தப் பழைய நிலைக்கு?

குடியேற்ற ஆட்சிக் காலத்திலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் இலங்கைக்கு வந்த வண்டிகள் பெரும்பாலும் ஆங்கில நாட்டுத் தயாரிப்புக்களே. பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரயம்ப், றோயல் என்பீல்ட் ஆகிய பெயர்களை முதியோர் இன்றும் கூறுவர். இவற்றுள் 1948இல் வெளிவந்த பி.எஸ்.ஏ. பன்ரம் என்னும் சிறு வண்டியின் பிறப்பு சுவையானது. உண்மையில் அது ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்து ஆர்.ரி. 125 வண்டியின் வடிவமே. இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாட்டிடமிருந்து வென்ற நாடுகள் அந்த வரைபடத்தைப் பெற்றுக்கொண்டன. அதே வடிவத்தைச் சோவியத் நாடும் அமெரிக்காவின் ஹார்லி நிறுவனமும் கைக்கொண்டன. ஜப்பானின் யமஹா நிறுவனம் 1955இல் வெளியிட்ட முதல் வண்டியும் அதனைப் பின்பற்றியதே. பொறிகளின் வம்சாவளி நாட்டெல்லைகளை மதிப்பதில்லை போலும்!

வண்டியின் இலக்கத்தகடும் ஒரு வரலாற்று ஆவணமாகும். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, 1957 முதல் புதிய வாகனங்களின் தகடுகளில் ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. தமிழ்ப் பகுதிகளில் அவ்வெழுத்தைத் தமிழில் மாற்றி எழுதிய வண்டிகள் ஓடின. 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு முந்திய மாதங்களில் இவ்வெழுத்துப் போராட்டம் உச்சத்தை எய்தியிருந்தது. ஆதலால் ஆங்கில எழுத்துத் தகட்டோடு கிடைக்கும் வண்டி, அதன் உரிமையாளர் அறிந்தோ அறியாமலோ, அந்த ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இலங்கையைச் சுமந்து நிற்கின்றது.

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு இக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. உதிரிப்பாகம் வாங்குதல் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. இருப்பதைக் கடைந்தும் ஒட்டியும் மற்றொரு வண்டியினின்று கழற்றிப் பொருத்தியுமே ஓட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையே பி.எஸ்.ஏ. போன்ற ஆங்கில நிறுவனங்களும் சரிந்து வீழ்ந்தன. றோயல் என்பீல்ட் மட்டும் சென்னைத் திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே உயிர்பிழைத்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் ஜப்பானிய வண்டிகள் பெருகின. 1958இல் பிறந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டியின் வழிவந்த சி 50, சி 70 ஆகியன கிராமங்கள்தோறும் பரவின. விவசாயியும் ஆசிரியரும் தபாற்காரரும் அவற்றையே நாடினர்.

இவ்வரலாற்றின் கடினமான பகுதி போர்க்காலமே. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் தடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டப் பழகினர். இதன் பொறிமுறையைச் சற்று விளக்குதல் தகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. எனவே குளிர்ந்த எஞ்சின் அதனால் இயங்காது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு உதைத்து இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களே இதனைத் தாங்கின. புதிய, அழுத்தம் மிகுந்த எஞ்சின்கள் தட்டும் ஓசையோடு திணறின. பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரி படிந்தது. எஞ்சின் ஒயில் மண்ணெண்ணெயால் நீர்த்துப்போனது. இது எவரும் அறியாத வித்தையன்று. பிரித்தானியாவில் வேகசன், போர்ட்சன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்க்கு மாறும் வகையிலேயே ஒரு காலத்தில் செய்யப்பட்டன. அங்கே பொறியியலாளர் வரைபடமிட்டுச் செய்ததை இங்கே கராஜ் தொழிலாளர் வெறுங்கையால் செய்தனர் என்பதே வேறுபாடு. அவர்களுடைய பெயர்களை எந்த நூலும் குறிக்கவில்லை.

படுவான்கரையும் 2007ஆம் ஆண்டுவரை நீண்டகாலம் ‘விடுவிக்கப்படாத பகுதி’ என்றே அரச மொழியில் வழங்கப்பட்டது. வவுணதீவில் சோதனைச் சாவடி நின்றது. எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும் பசளையும் அதனூடாகத் தடையின்றிச் செல்ல முடியவில்லை. பழைய வண்டியின் மதிப்பு இங்கேதான் தெளிவாகின்றது. சி 50 வண்டியின் தீப்பொறி பற்றரியிலிருந்து வருவதன்று. சுழலும் சில்லோடு இணைந்த காந்தமே அதனைப் பிறப்பிக்கின்றது. பற்றரி செத்தாலும் காலால் உதைத்தால் வண்டி உயிர்பெறும். தீமுனைகளை அரத்தாளால் தேய்த்து, இடைவெளியைக் கண்ணளவில் சரிசெய்யலாம். பற்றரி கிடையாத ஊரில் பற்றரி வேண்டாத வண்டியே சிறந்த வண்டி. இதனை விளக்கப் பொருளியல் நூல் தேவையில்லை.

எமது ஊர்ப்பக்கத்தில் நான் கண்ட ஒரு சி 70 வண்டியை இங்கு குறிப்பிடலாம். அதன் பின்னிருக்கைக்குக் கீழே நெல்மூடை தாங்க இரும்புச் சட்டமொன்று ஒட்டப்பட்டிருந்தது. சங்கிலிக் காப்பு தகரப் பேணியொன்றை வெட்டி விரித்துச் செய்யப்பட்டது. வாவிக்கரை உப்புக்காற்று அரித்த தாங்கியின் அடிப்பகுதி ஈயத்தால் பலமுறை அடைக்கப்பட்டிருந்தது. நகரத்து இளைஞர் ஒருவர் அதனை வாங்கிப் புதுப்பிக்க விரும்பினார். தாங்கியினுள் சிறு கற்களையும் மண்ணெண்ணெயையும் இட்டுக் குலுக்கித் துருவை அகற்றுவதிலும், காபுரேற்றரின் நுண்துளைகளை ஊதித் தெளிவாக்குவதிலும், சிலிண்டரைக் கடைந்து ஒரு படி பெரிய பிஸ்டன் இடுவதிலும் எவருக்கும் மறுப்பிருக்க நியாயமில்லை; ஓடாத வண்டி வண்டியாகாது. ஆனால் சட்டத்தையும் தகரக் காப்பையும் வெட்டியெறிந்து, ஜப்பானியத் தொழிற்சாலை வாயிலில் நின்ற நாளின் நிறத்தைப் பூசுவதே ‘அசல்’ எனக் கொள்ளப்படுகின்றது. தொழிற்சாலையில் அவ்வண்டி கழித்தவை சில மணித்தியாலங்கள். படுவான்கரையில் கழித்தவை பல பத்தாண்டுகள். கோயிற் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுவதைக் கண்டு வருந்தும் வரலாற்று மாணவர், ஒட்டுச்சட்டத்தை வெட்டுவதைக் கண்டு வருந்தாதிருப்பது எங்ஙனம்? எழுத்தறிந்தோர் நாட்குறிப்பு எழுதிவைத்தனர். கராஜ் தொழிலாளர் ஒட்டிவைத்தனர்.

இரும்புச் சட்டம் துருப்பிடித்து ஓட்டுநருக்கு ஆபத்தாகுமாயின் அதனைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. கழற்றுமுன் ஒரு படமும், அளவுகளும், வண்டி யாருடைய கைகளில் இருந்தது என்ற விசாரணையும் குறிப்பேட்டில் பதியப்பட்டால் போதும். எமது வரலாற்றுத்துறை மாணவர் இப்பணியை வவுணதீவிலும் கன்னங்குடாவிலும் ஆயித்தியமலையிலும் ஒரு விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம். அக்காலத்துத் தொழிலாளர் பலர் முதுமையடைந்துவிட்டனர்.

பற்றாக்குறையின் அத்தியாயம் போரோடு முடிந்துவிடவுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. மாட்டுக்கொட்டிலின் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்த சி 50 வண்டிகள் அந்நாட்களில் வெளியே வந்தன. சிறிதளவு பெற்றோலில் உன்னிச்சைவரை சென்று மீள அவற்றால் இயன்றது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வெளியே வந்தவற்றுட் சில மீண்டும் கொட்டிலின் பின்புறம் சென்றுவிட்டன. சில நகரத்தில் விலைபேசப்படுகின்றன. அவற்றின் சட்டங்கள் இன்னும் வெட்டப்படவில்லை.