மரத்தின் அதிர்வும் காற்றின் ஒலியும்: வீணை, கிட்டார் மேடைகளில் மைக் இடம் மாறிய வரலாறு

விருத்தாசலத்தின் சூளைகளில் களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து வெந்து, பொம்மைகளாகவும் மின்சாரப் பீங்கான் உறுப்புகளாகவும் வெளிவருகின்றன. தூளை அரைத்து, அச்சில் அழுத்தி, நெருப்பில் சுட்டு இறுக்கும் இதே தொழில்நெறியின் இன்னொரு கிளையில் பிறந்த பீங்கான்தான் இன்று மேடைக் கிட்டார்கள் பலவற்றில் பிரிட்ஜுக்கு அடியில் அமர்ந்திருக்கிறது. கருவிகளில் மைக் பொருத்திய வரலாற்றைப் பெரும்பாலும் நிறுவனப் பெயர்களின் வரிசையாகவே சொல்கிறார்கள். பொருள்களின் வரலாறாகப் படித்தால்தான் எது, எப்போது, ஏன் சாத்தியமாயிற்று என்பது விளங்கும். இக்கட்டுரை அப்படியே படிக்க முயல்கிறது.

சிக்கல் பழையது. மீட்டி வாசிக்கும் கருவிகளுக்குக் குரல் சிறிது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அந்த நாதத்தைத் தாங்கியது சிறிய அறையும் கேட்பவர்களின் மௌனமும்தான். 1930களில் சபா மேடைகளுக்கு மைக் வந்தது. பாடகருக்கு அது பெரும் வரம். வீணைக்கும் கிட்டாருக்கும் அது பாதி வரமே. கருவிக்கு முன்னால் மைக்கை நிறுத்தி ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்கிலும் கருவியின் வயிற்றிலும் புகுந்து சுற்றத் தொடங்குகிறது, மைக் ஊளையிடுகிறது. கிட்டாரின் உட்காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலும் மேற்பலகை 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் தாமாகவே அதிரும் இயல்புடையவை. ஊளை முதலில் கிளம்புவதும் அங்கேதான்.

தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். அதனால் மைக்கை நெருக்கிக்கொண்டே போவது இயல்பான வழி. அந்த வழியின் எல்லை, கருவியின் உடலிலேயே ஒட்டிவிடுவது. காற்றைக் கேளாமல் மரத்தின் அதிர்வை மட்டும் கேட்கும் பொருள் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது.

1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். 1930களின் படிக மைக்குகளில் ரோஷல் உப்பு பயன்பட்டது. அது தரும் மின்னழுத்தம் வலுவானது. ஆனால் உப்பு உப்புதான். ஈரத்தில் கரையும், 55 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் கெட்டுவிடும். சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறி வரும் நம் கடற்கரை ஊர்களுக்கு இது ஏற்ற பொருளே அல்ல. 1940களில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பேரியம் டைட்டனேட் வெளிப்பட்டது. தனிப் படிகமாக வளர்க்க வேண்டியதில்லை, பீங்கான்போலச் சுட்டெடுக்கலாம். 1950களில் வந்த ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் 300 பாகைக்கு மேலும் தன் குணத்தை இழக்காமல் நின்றது.

சூளையிலிருந்து வந்த நிலையில் இந்தப் பீங்கானும் தேநீர்க் கோப்பையைப்போல ஊமைதான். அதன் நுண்மணிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடப்பதால் ஒன்றின் மின்னேற்றத்தை மற்றொன்று அழித்துவிடும். சூடான எண்ணெயில் அமிழ்த்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தால் மணிகளின் முனைகள் பெருமளவு ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஆறிய பிறகும் அந்த ஒழுங்கு நிலைக்கிறது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம், நெருப்புக்குப் பின் நிகழும் இந்த ஒரு செய்கையே என்று நான் கருதுகிறேன்.

1960களில் அமெரிக்காவின் பார்க்கஸ்-பெர்ரி நிறுவனம், கருவியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இவ்வகைப் பிக்கப்புகளை விற்றது. 1970ஐ ஒட்டி ஓவேஷன் நிறுவனம் அவற்றைக் கிட்டாரின் பிரிட்ஜிலேயே பொதித்தது. பீங்கான் தரும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், அதைச் சிதையாமல் ஏந்த உயர் மின்மறுப்புள்ள ப்ரீஆம்ப் உடன் வேண்டியிருந்தது. ஊளை அடங்கியது. பதிலுக்கு நாதத்தில் ஒரு தகரத் தன்மை ஏறியது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் மிக ஆழமாகப் பதிந்தது வீணையில்தான். குடத்தின் பலகையில் குதிரைக்கு அருகே ஒட்டிய காண்டாக்ட் மைக், வாசிப்பையே மாற்றியது. ஒரு மீட்டின் நாதம் முன்னைவிட நெடுநேரம் கேட்டதால், அடிக்கடி மீட்டாமல் ஒரே மீட்டில் நீண்ட கமகங்களை இழுக்க முடிந்தது. இயல்பான நாதம் போய்விட்டது என்று ரசிகர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. ஆனால் பின்வரிசையில் அமர்ந்தவருக்கு வீணையின் நுண்கமகம் எட்டியதும் அப்போதுதான். அந்த லாபத்தைச் சிறிதென்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சென்ற வழி வேறு. அவருடையது மின் மாண்டலின். அதன் காந்தப் பிக்கப் எஃகுத் தந்தியின் அசைவை நேரே உணரும். உடலின் குடைவு அங்கே பொருட்டில்லை. வீணையின் மந்தர, அனுமந்தரத் தந்திகள் பித்தளையாக இருந்தால் காந்தப் பிக்கப் அவற்றைச் சரியாகக் கேளாது. வீணைக்குக் காண்டாக்ட் மைக் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக், காற்றைக் கேட்கும் வழியை மீண்டும் திறந்தது. பட்டாணி அளவுக்கு மைக் சுருங்கியதும் அதை வளையும் தண்டில் கோத்துக் கிட்டாரின் விளிம்பில் கவ்வவைக்க முடிந்தது. ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறும் என்பதால், கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கித் திருப்புகிறார்கள். கீழ்ச்சுருதிகளைப் பீங்கானிலிருந்தும் மேல்நாதத்தை மைக்கிலிருந்தும் எடுத்துக் கலப்பவர்களும் உண்டு. தனியே அமர்ந்து வாசிக்கும் கிட்டார் கலைஞருக்கு இந்த ஏற்பாடு விரல் நகம் தந்தியை உரசும் ஓசையைக்கூட மீட்டுத் தருகிறது. ஆனால் கச்சேரி மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் மிருதங்கம் முழங்குகிறது. வீணையின் விளிம்பில் கவ்விய மைக் அதையும் வாரிக்கொள்ளும். அங்கே மரத்தை மட்டும் கேட்கும் காண்டாக்ட் மைக்கே இன்னும் கைகொடுக்கிறது.