ரோமாப் பெண்களின் கட்டாயக் கருத்தடை

செக்கோஸ்லோவாக்கியாவிலும், அது பிரிந்து உருவான செக் குடியரசு, சுலோவாக்கியா நாடுகளிலும் ரோமா இனப் பெண்களின் உண்மையான சம்மதமின்றிச் செய்யப்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகளை இது குறிக்கும். ரோமாப் பெண்கள் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவதற்கு இவ்வரலாறு ஒரு முக்கியக் காரணம்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ஆஷ்விட்ஸ், ராவன்ஸ்புரூக் வதைமுகாம்களில் ரோமாப் பெண்களுக்குக் கருத்தடை செய்தனர். போருக்குப் பின் அமைந்த செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் அரசு 1972இல் கருத்தடை குறித்து ஆணை பிறப்பித்தது. ஏட்டளவில் பெண்ணின் சம்மதம் கட்டாயம். நடைமுறையில், சமூகநலப் பணியாளர்கள் ரோமாக் குடும்பங்களிடம் சென்று, இணங்கினால் உதவித்தொகை என்றும், மறுத்தால் பிள்ளைகளை அரசு விடுதியில் சேர்த்துவிடுவோம் என்றும் நெருக்கினர். சார்ட்டர் 77 என்ற மனித உரிமை இயக்கம் 1978இல் இதைக் கண்டித்தது.

பிரசவ அறையில்

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தது. கருத்தடைக்கான உதவித்தொகையும் பின்னர் நின்றது. கொடுமை மட்டும் தொடர்ந்தது. 2000 ஆகஸ்டில் சுலோவாக்கியாவின் பிரெஷோவ் நகர மருத்துவமனையில் இரண்டாம் பிரசவத்துக்குச் சேர்ந்த ரோமாப் பெண்ணுக்கு வயது 20. அடுத்த பிரசவத்தில் தாயோ சேயோ பிழைக்காது என்று சொல்லி, வலியில் துடித்துக்கொண்டிருந்தவரிடம் கருத்தடைக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்து நடுங்கியிருந்தது. தம் பெயரையே அவர் இரண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். ‘நோயாளி ரோமா இனத்தவர்’ என்ற குறிப்பும் கோப்பில் இருந்தது. அவர் தொடுத்த வழக்கில், மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 2011 நவம்பரில் தீர்ப்பளித்தது: உடனே செய்தாக வேண்டிய சிகிச்சை அல்ல இது, அவர் அறிந்து முடிவெடுக்க இடம் தராதது மனித கண்ணியத்தை மீறிய செயல்.

நீதிக்கான போராட்டம்

1990இல் தமக்கே இக்கொடுமை நேர்ந்த ஆஸ்ட்ராவா நகரின் எலெனா கொரொலோவா, பாதிக்கப்பட்ட பெண்களைத் திரட்டிப் போராடினார். செக் குறைதீர் ஆணையர் ஒட்டகார் மோட்டெயில் 2005இல் புகார்களை விசாரித்து அறிக்கை அளித்தார். செக் அரசு 2009இல் வருத்தம் தெரிவித்தது. 1966 ஜூலை முதல் 2012 மார்ச் வரை பாதிக்கப்பட்டோருக்குத் தலா 3,00,000 குரோனா இழப்பீடு வழங்கும் சட்டம் செக் குடியரசில் 2021இல் நிறைவேறியது. அதே ஆண்டு சுலோவாக்கிய அரசு மன்னிப்புக் கேட்டது.

மருத்துவமனைகள் பழைய கோப்புகளை அழித்துவிட்டதால், பலரால் தங்களுக்கு நேர்ந்ததை நிரூபிக்க முடியவில்லை. ஆவணத்தை அழித்தது மருத்துவமனை. அதற்கான தண்டனையை அப்பெண்கள் சுமப்பது இரண்டாவது அநீதி. அவர்களின் வாய்மொழியைச் சாட்சியமாக ஏற்பதே நம்பிக்கையை மீட்பதற்கான முதல் படி.