ஏயாவின் பொய்யும் அடாபாவின் பாணும்

வளைகுடாவில் ஒரு காலத்தில் பொய் சொல்லும் கடவுள் ஒருவர் இருந்தார். சுமேரியர் அவரை என்கி என்றார்கள். பின்வந்த பாபிலோனியர் ஏயா என்றார்கள். ஞானம், மந்திரம், நிலத்துக்கு அடியில் கிடக்கும் நன்னீர் ஆகிய மூன்றும் அவருடைய ஆட்சியில் இருந்தன. கோபம் வந்தால் மற்றத் தெய்வங்கள் இடியும் கொள்ளைநோயும் அனுப்பும். இவரோ சொல்லைத் திரிப்பார். அவருடைய நகரமான எரிது இன்றைய ஈராக்கின் தெற்கில் இருந்தது. ஆனால் அவர் விட்டுப்போன தடயங்களில் நான் காலால் மிதித்துப் பார்த்தது, இப்போது குசினி வேலை செய்யும் பஹ்ரேனில் உள்ளவற்றைத்தான்.

பஹ்ரேன்தான் களிமண் பலகைகளில் வரும் தில்முன். அங்கே குடிக்க நீரில்லை என்று ஒரு தேவி முறையிட, என்கி நிலத்தடியிலிருந்து நன்னீரைப் பொங்க வைத்தார் என்று ஒரு சுமேரியக் கதை உண்டு. இது முழுக் கற்பனையல்ல. உப்புக் கடலின் அடியிலேயே இங்கு நல்ல தண்ணீர் ஊற்றெடுத்தது. முத்துக் குளித்தவர்கள் தோல் பைகளுடன் மூழ்கிக் குடிநீர் நிரப்பி வருவார்கள். பஹ்ரேன் என்ற பெயருக்கே இரு கடல்கள் என்றுதான் பொருள். கீரிமலைக் கேணியில் குளித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மனாமாவுக்கு அருகிலுள்ள அதாரி ஊற்றுப் பற்றி உள்ளூரில் ஒரு சொலவடை இருக்கிறது: தூரத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சும், பக்கத்தில் இருப்பதை விட்டுவிடும் என்று. மாதாமாதம் ஊருக்குக் காசு அனுப்பும் எம்மவரைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஊற்றும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வற்றிப்போயிற்று.

பார்பார் என்ற கிராமத்தில் 1954இல் பி. வி. குளொப், ஜெஃப்ரி பிபி ஆகியோரின் டென்மார்க் குழு ஒரு மண்மேட்டைத் தோண்டத் தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கோயில்கள் வெளிவந்தன. மிகப் பழையது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அங்கே கல்படிகள் இறங்கிப்போய் ஓர் ஊற்றுக் கேணியில் முடிகின்றன. அங்கு கிடைத்த செம்புக் காளைத்தலை இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது என்கியின் கோயில் என்பது அறிஞர்களின் ஊகம். எழுத்துச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படிகளின் விளிம்பில் நின்றபோது, வேறு எந்தத் தெய்வம் இவ்வளவு கீழே இறங்கி இருக்கச் சம்மதிக்கும் என்றுதான் எனக்குப் பட்டது.

இனிப் பொய்களுக்கு வருவோம். மனிதர்களை வெள்ளத்தால் அழிக்கத் தெய்வங்கள் முடிவெடுத்து, யாரும் அதை மனிதருக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துகொள்கின்றன. ஏயாவும் சத்தியம் செய்கிறார். பிறகு போய் ஒரு நாணல் சுவருடன் பேசுகிறார். சுவருக்குப் பின்னால் அவருடைய பக்தன் இருக்கிறான்! அசுவத்தாமன் என்ற யானையின் சாவைச் சொல்லித் துரோணரை வீழ்த்திய கதை எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வழிக்கு மூத்தவர் இவர். ஊரார் ஏன் படகு கட்டுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறார். வானத்திலிருந்து உங்களுக்கு அப்பமும் கோதுமையும் மழையாகப் பொழியும் என்று கேட்கும்படியான வாக்கியம் அது. அதே ஒலிகளை வேறு விதமாகப் பிரித்தால் அழிவு வரும் என்று பொருள்படும். மார்ட்டின் வேதிங்டன் என்ற ஆய்வாளர் 2019இல் இந்தச் சில வரிகளுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஊரார் சந்தோஷமாகப் படகுக்கு உதவினார்கள். படகை அடைத்துக் கொடுத்த புசுர்-அமுர்ரி என்பவனுக்குக் கூலியாக, சிலமணி நேரத்தில் மூழ்கப்போகிற மாளிகை கிடைத்தது. தப்பியவனை, சுமேரியர் சொன்ன கதையில், தெய்வங்கள் தில்முனில்தான் குடியேற்றின.

தெய்வத்தின் பெயரைச் சுமந்த ஒரு வியாபாரியும் உண்டு. ஏயா-நாசிர், அதாவது ஏயாவே காவலன். கி.மு. 1750 அளவில் ஊர் என்ற நகரத்திலிருந்து தில்முனுக்குப் போய்ச் செம்பு வாங்கி விற்றவன். நல்ல செம்பு தருவதாகச் சொல்லிக் கழிவுச் செம்பைக் காட்டியதாகவும், அனுப்பிய ஆளை அவமதித்து வெறுங்கையுடன் திருப்பியதாகவும் நன்னி என்பவர் எழுதிய முறைப்பாடு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வீட்டில் வேறு ஆட்களின் முறைப்பாடுகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் அவன் ஏன் பத்திரமாக வைத்திருந்தான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்த கொன்ராக்டர்கள் கிழித்து எறிந்திருப்பார்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அடாபாவின் கதை. அடாபா எரிதுவில் ஏயாவின் கோயிலில் பாண் சுடுபவன், மீன் பிடிப்பவன், தெய்வத்தின் பந்தி வைப்பவன். எங்கள் தொழிற்காரன். ஒருநாள் சோளகம் அவனுடைய வள்ளத்தைக் கவிழ்க்க, அவன் சபித்து அந்தக் காற்றின் சிறகை முறித்துவிடுகிறான். ஏழு நாள் காற்றில்லை. வானத்தின் அதிபதியான அனு விசாரணைக்கு அழைக்கிறார். ஏயா பயணத்துக்கு ஆயத்தம் செய்கிறார். தலையைக் கலைத்துவிடு, துக்க உடை போடு. வாசலில் இரண்டு தெய்வங்கள் யாருக்காகத் துக்கம் என்று கேட்கும். எங்கள் நாட்டிலிருந்து மறைந்துபோன இரண்டு தெய்வங்களுக்காக என்று சொல்லி, அவர்களுடைய பெயரையே அவர்களிடம் சொல்லு. மனம் இளகி உனக்காகப் பேசுவார்கள். உள்ளே பாண் தருவார்கள், அது சாவின் பாண், தின்னாதே. தண்ணீர் தருவார்கள், அது சாவின் தண்ணீர், குடியாதே.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. ஆனால் அனு கொடுத்தது உயிரின் பாண், உயிரின் தண்ணீர். அடாபா தொடவில்லை. அனு சிரித்தார்.

ஷார்ஜாவில் ஆறு பேர் இருந்த அறையில் ஒரு ஏஜென்சிக்காரர் எனக்கும் இப்படி ஒரு கதை பாடமாக்கித் தந்தார். திகதிகள், முகாம், சித்தப்பாவின் சாவு எல்லாம் அதில் இருந்தன. கம்பஸில் படித்ததை மட்டும் வாயால் சொல்லாதே, அது உனக்கு நஞ்சு என்றார். விசாரித்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் இரண்டு தரம் கேட்டார், படிப்பை எங்கே விட்டாய், ஏன் விட்டாய் என்று. நான் கம்பஸ் போகவேயில்லை என்றேன். என்னோடு படித்த இருவரைக் கொண்டுபோன இரவைப் பற்றி, அதற்காகவே நான் படிப்பை விட்டு ஓடிவந்ததைப் பற்றி, ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னவற்றை நம்ப முடியவில்லை என்று மூன்று மாதத்தில் கடிதம் வந்தது.

ஏயா வேண்டுமென்று ஏமாற்றினாரா, அல்லது சாவின் பாண்தான் வரும் என்று உண்மையாகவே நம்பினாரா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. நான் நெடுநாள் முதற்கட்சியில் இருந்தேன். நல்ல சமையல்காரனுக்கு எந்த முதலாளி றிலீஸ் கொடுப்பான்? இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. அந்த ஏஜென்சிக்காரரும் தனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லித் தந்தார் போலிருக்கிறது. வேறு இரண்டு பேர் அதைச் சொல்லித் தப்பியும் இருக்கிறார்கள்.

இந்தக் கதை உள்ள பலகை எகிப்தில், அமர்னாவில் கிடைத்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வேற்று மொழி படித்த எகிப்திய மாணவர்களுக்காக அதில் சிவப்பு மையால் புள்ளிகள் இட்டிருக்கிறார்கள். அடாபாவைத் திருப்பிப் பூமிக்குக் கொண்டுபோங்கள் என்று அனு சொல்வதோடு அது உடைந்துபோய் நிற்கிறது. மறுநாள் எரிதுவில் அடுப்பை மூட்டியது யார் என்பது அதில் இல்லை.