சென்னையில் ஆடிய ஊசல்

கீழே விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் வீதம் கூடுகிறது என்பதை, உலகெங்கும் மாறாத ஒரே எண் போல மனனம் செய்துகொண்டுதான் நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிறார்கள். அந்த எண் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும் என்பதும், சென்னைப் பட்டணத்துக்கென்று தனியாக ஓர் எண் உண்டு என்பதும், நுங்கம்பாக்கத்து வான சாஸ்திர நிலையத்தில் இரவும் பகலும் காத்திருந்து 1821-ஆம் ஆண்டிலேயே அதனை அளந்து வைத்தார்கள் என்பதும் அவர்களில் மிகச் சிலர் காதுக்கே எட்டியிருக்கும். விசையையும் இயக்கத்தையும் பற்றிய பாடத்தை நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சரித்திரம் எனக்குத் தெரியவில்லை.

ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்ற ஐயத்தை முதலில் எழுப்பியது ஒரு கடிகாரம். 1672-இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார் அனுப்ப, தென் அமெரிக்கக் கரையில் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேன் என்னும் ஊருக்குச் சென்ற ழான் ரிஷே, பாரிஸில் பிழையின்றி ஓடிய தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்குவதையும், ஊசலைச் சிறிது குறுக்கினால்தான் அது சரியாக ஓடுவதையும் கண்டார். உஷ்ணத்தால் உலோகம் நீண்டதே காரணம் என்று சிலர் வாதித்தனர். ஆனால் நியூட்டன் தம் மகத்தான நூலில், உஷ்ணம் மட்டும் அவ்வளவு வித்தியாசத்தை விளைவிக்காது என்று காட்டி, பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நடுப்பகுதியில் பருத்திருக்கிறது என்றும், அங்கே ஈர்ப்புக் குறைவதற்கு அதுவும் சுழற்சியுமே காரணம் என்றும் நிர்ணயித்தார். எந்தப் பொருளும் விசையின்றி வளைந்து செல்லாது. பூமியோடு சேர்ந்து நாம் வட்டமாகச் சுற்றிவருவதற்கே ஈர்ப்பில் ஒரு சிறு பங்கு செலவாகிவிடுகிறது. துருவத்தில் நிற்பவனுக்கு இல்லாத இந்தச் செலவு, பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே வருகிறது.

இவ்வளவு காலமாக வியாபாரம் செய்துவந்த உலகம் இந்த வித்தியாசத்தை ஏன் அறியவில்லை என்று கேட்கலாம். தராசின் ஒரு தட்டில் சரக்கும் மறு தட்டில் படிக்கல்லும் இருக்கையில், ஈர்ப்புக் குறைந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் இலேசாகும், முள் அசையாது. தராசு ஒப்பிடுவது நிறையை. வில் தராசு காட்டுவது எடையை. லண்டனில் வில் தராசில் 60 கிலோ காட்டிய மனிதன் அதே தராசில் சென்னையில் நின்றால் ஏறக்குறைய 180 கிராம் குறைந்திருப்பான். அவன் உடலில் ஒரு துளியும் குறைந்திராது. ஊசலோ, குண்டு கனமானதா இலேசானதா என்பதைப் பொருட்படுத்தாமல், தன் நீளத்துக்கும் அந்த இடத்து ஈர்ப்புக்கும் மட்டுமே கட்டுப்பட்டுச் சிறு வீச்சில் ஆடுவது. ஆகவே ஈர்ப்பை அளக்க அதைக் காட்டிலும் நேர்மையான கருவி அக்காலத்தில் வேறில்லை.

இனி, அந்த ஊசல் சென்னையில் ஆடிய இடத்துக்கு வருவோம். வில்லியம் பெட்ரி என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய வான சாஸ்திர நிலையம், பின்னர் கம்பெனியின் பொறுப்புக்கு வந்து, மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் பெற்றது. டாப்பிங்குக்குப் பின் அதனை ஏற்ற ஜான் கோல்டிங்ஹாம், இன்று நாம் ராஜாஜி மண்டபம் என்று அழைக்கும் மாளிகையைச் சமைத்தவரும் ஆவார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை வெடிக்கும் பீரங்கிகளின் ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்து ஒலியின் வேகத்தைக் கணித்தவரும் அவரே.

1821-இல் சென்னையின் ஈர்ப்பை அளந்தவரும் இந்தக் கோல்டிங்ஹாமே. அதற்கான ஊசலை அவருக்கு அமைத்துத் தந்தவர் ஹென்றி கேட்டர். லாம்ப்டன் என்பவர் தென்னிந்தியாவில் நடத்திய நில அளவையில் உதவியாளராக உழைத்து, உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பிய இவர், இரு முனைகளிலும் மாறி மாறித் தொங்கவிடத்தக்க ஓர் ஊசலால் லண்டன் நகரத்தின் ஈர்ப்பை அதுவரை எவரும் எட்டாத துல்லியத்தோடு நிர்ணயித்தார். அந்த ஊசல் சாய்ந்தாடிய கத்தி முனைகள் இந்தியாவிலிருந்து போன உருக்கால் ஆனவை என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். சென்னைக்கு வந்தது, நீளத்தை மாற்றவே இயலாதபடி செய்யப்பட்ட ஒரு பித்தளை ஊசல். லண்டனில் அது ஒரு நாளில் எத்தனை முறை ஆடுகிறது என்பது தெரியும். சென்னையில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிவிட்டால், அவ்விரண்டு எண்களின் வர்க்கங்களுக்குள்ள விகிதமே இரண்டு ஊர்களின் ஈர்ப்புக்குமுள்ள விகிதம்.

எண்ணிய விதம்தான் மிக அழகானது. நக்ஷத்திரங்கள் உச்சிக் கோட்டைக் கடக்கும் கணத்தைக் கொண்டு சரிபார்த்த ஒரு கடிகாரத்தின் முன்னால், அகேட் கல் பலகைகளின்மேல் கத்தி முனை பொருந்த, அந்தப் பித்தளை ஊசலைத் தொங்கவிடுவார்கள். கடிகார ஊசலில் ஒட்டிய வெள்ளை வட்டத்தை, முன்னால் ஆடும் ஊசலின் வால் முழுவதும் மறைக்கும் கணத்தைத் தூரத்திலிருந்து தொலைநோக்கி வழியே ஒருவர் குறிப்பார். இரண்டும் சற்றே வேறான கதியில் ஆடுவதால் மெல்ல மெல்லப் பிரிந்து, சில நிமிஷங்களுக்குப் பின் மறுபடி ஒன்றையொன்று மறைக்கும். உதாரணமாக, ஒரு மறைப்புக்கும் அடுத்த மறைப்புக்கும் இடையே கடிகாரம் 500 முறை ஆடியிருந்தால், மெதுவான ஊசல் சரியாக 498 முறை ஆடியிருக்கும். குறிப்பவர் ஒரு வினாடி பிசகினாலும், ஒரு நாளின் 86,400 ஆட்டங்களில் அதனால் விளையும் பிழை ஓர் ஆட்டத்துக்கும் குறைவு. பிறகு, சென்னை உஷ்ணத்தில் பித்தளை நீண்டதற்கும், வீச்சு சிறிது சிறிதாகக் குறைந்ததற்கும், காற்று ஊசலைத் தாங்கியதற்கும், கடல் மட்டத்துக்குமேல் நிலையம் அமைந்த உயரத்துக்கும் தனித்தனியே திருத்தம் செய்வார்கள். விஞ்ஞானம் என்பது இந்தத் திருத்தங்களில்தான் வாழ்கிறது என்பது என் எண்ணம்.

வினாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசல் லண்டனில் ஏறக்குறைய 39.14 அங்குலம் இருக்க, சென்னையில் அது 39.03 அங்குலம் என்று முடிவு கிடைத்தது. ஓர் அங்குலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு! ஆனால் லண்டனில் சரியாக ஓடிய கடிகாரத்தைச் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு நிமிஷத்துக்குமேல் பின்தங்கச் செய்ய அதுவே போதும். இன்றைய அளவில் சொன்னால், சென்னையின் எண் 9.78.

கோல்டிங்ஹாம் அத்துடன் நிற்காமல், சுமத்திராவுக்கு அருகே பூமத்திய ரேகையை ஒட்டிய ஒரு சிறு தீவுக்கும் ஊசலோடு ஆட்களை அனுப்பினார். பின்னர் 1865 முதல் பஸேவி என்னும் ராணுவ அதிகாரி இந்தியாவின் பல இடங்களில் ஊசலை ஆடவிட்டு அளந்து, 1871-இல் லடாக்கின் உயர்ந்த பீடபூமியில் அந்த வேலையிலேயே உயிர் நீத்தார். மலைகளின் அடியில் பூமி அடர்த்தி குன்றியிருக்கிறது என்ற முடிவுக்கு அவருடைய அளவுகள் பெரிதும் வலுவூட்டின.

நுங்கம்பாக்கம் நிலையத்தின் பழைய கருங்கல் தூண், தன்மேல் செதுக்கிய தமிழ் எழுத்துக்களோடு இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. சென்னை ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருமுறையேனும் அங்கே அழைத்துச் சென்று காட்ட வேண்டும். எந்த ஊர் ஆசிரியரும் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு: ஒரு சிறு இரும்புக் குண்டை நூலில் கட்டி, கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுவரை 99 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும்படி வகுப்பில் தொங்கவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக மிகச் சரியாக ஒரு வினாடி ஆகும்வரை நூலைத் திருத்தச் சொல்லுங்கள். அந்த நீளத்தை மீட்டரில் அளந்து 9.87-ஆல் பெருக்கி வருகிற எண்ணை, தங்கள் ஊரின் பெயரோடு சேர்த்து, மாணவர்கள் தங்கள் கையாலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும்.